இலங்கை அரசு பிறந்த கதையைத் தோட்டத்திலிருந்து வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் உயர்தர அரசியல் விஞ்ஞானம் படிக்கிற ஒரு பிள்ளை, கொப்பியை மூடி வைத்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: "சேர், 1931இல எல்லாருக்கும் வோட் குடுத்தாங்கன்னு இப்பதான் எழுதினோம். எங்க பாட்டிக்கு 1988க்கு அப்புறம்தான் வோட் வந்துச்சுன்னு வீட்ல சொல்றாங்க. எது சரி?"

இரண்டும் சரி. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த நாட்டின் அரசியலமைப்பு வரலாறு. பாடப்புத்தகம் அதை ஆணைக்குழுக்களின் பெயர்களாகச் சொல்கிறது. கோல்புறூக், குறூ மக்கலம், மனிங், டொனமூர், சோல்பரி என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வரலாம், புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை கிடைக்காது. அந்த விடையை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மாணவருக்கு மட்டுமல்ல, வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய பழைய கடதாசி வைத்திருக்கிற எவருக்கும் இது உதவும்.

தொடங்குமுன்: ஒரு கொப்பி, மூன்று கட்டங்கள்

நீளமான கணக்குக் கொப்பி ஒன்று வாங்குங்கள். இடது ஓரத்தில் ஆண்டு. அதற்கு நேரே மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தின் தலைப்பு "எண்ணினார்களா?" அதாவது, ஆட்சியை வகுத்தவர்கள் தோட்டத்து மக்களையும் (தென்னிந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரையும்) இந்நாட்டின் சனத்தொகையாகக் கணக்கில் எடுத்தார்களா. இரண்டாவது "வோட் இருந்ததா?" மூன்றாவது "சபையில் ஆள் இருந்தாரா?"

ஒவ்வொரு சீர்திருத்தம் வரும்போதும் இந்த மூன்று கேள்வியையும் கேட்டு, ஆம் என்றால் சரி அடையாளம், இல்லை என்றால் வெற்றுக் கட்டம். இவ்வளவுதான் முறை. எளிமையாகத் தெரியும், ஆனால் கட்டங்கள் நிரம்பிவரும்போது புத்தகத்தில் காணாத ஒன்று தெரியவரும். முக்கியமாக, 1952ஆம் ஆண்டின் வரிசைக்கு வரும்போது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

படி 1: கண்டியில் தொடங்குங்கள்

பலர் 1833இலிருந்து தொடங்குவார்கள். மலையகத்தில் இருப்பவர்கள் 1815இலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் அந்த இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்டிக்குப் போகும்போது தலதா மாளிகைக்கு அருகிலுள்ள மகுல் மடுவவை நின்று பாருங்கள். செதுக்கிய மரத்தூண்கள், சுவரில்லாத மண்டபம். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் இங்கேதான் வாசிக்கப்பட்டு, கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்குக் கைமாறியது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்க வம்சத்தவன், வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே 1832இல் இறந்தான்.

கொழும்பு சுதந்திர சதுக்கத்திலுள்ள ஞாபகார்த்த மண்டபம் இந்த மகுல் மடுவவின் சாயலில்தான் கட்டப்பட்டது. இறைமை கைமாறிய மண்டபத்தின் வடிவிலேயே இறைமை திரும்பக் கிடைத்ததற்கும் நினைவு மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் மறக்காது.

1818இன் ஊவா வெல்லச கிளர்ச்சியை அடக்கிய பிறகு கண்டிப் பிரதானிகளின் அதிகாரம் சுருங்கியது. 1840இன் முடிக்குரிய காணிகள் சட்டத்தின் கீழ், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம்) அரசின் சொத்தாகி, கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. இதை இங்கேயே குறித்து வையுங்கள். பின்னால் கண்டிச் சிங்களத் தலைவர்கள் நம்மை அச்சத்தோடு பார்த்ததற்கு இந்தக் காணி இழப்பும் ஒரு காரணம். அவர்கள் நிலம் போனது, அதே நிலத்தில் நம் முன்னோர் கூலிக்கு வந்து இறங்கினார்கள். இரு தரப்புக்கும் நடந்ததைச் சேர்த்து வாசிக்காவிட்டால், நம் பிரஜாவுரிமை பறிபோன 1948 புரியாது.

படி 2: 1833 முதல் 1924 வரை வேகமாகக் கடந்து போங்கள்

கோல்புறூக் கமரன் சீர்திருத்தம் தீவு முழுவதையும் ஒரே நிர்வாகத்துக்குள் கொண்டுவந்து ஐந்து மாகாணமாகப் பிரித்தது. நிர்வாக சபை ஒன்றும் சட்டநிரூபண சபை ஒன்றும் வந்தன. சட்டநிரூபண சபையில் 15 பேர்: 9 பேர் உத்தியோகத்தர், 6 பேர் உத்தியோகமற்றவர், அதாவது அரச பதவியில் இல்லாதவர். அந்த ஆறில் ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பறங்கியர் தலா ஒருவர். எல்லோரும் தேசாதிபதி நியமித்தவர்கள். இனவாரியாக ஆள் வைக்கும் பழக்கம் இங்கேதான் வேர் விட்டது.

குறூ மக்கலம் சீர்திருத்தத்தில் "படித்த இலங்கையர்" என்று ஒரே ஒரு ஆசனம் தேர்தலுக்கு வந்தது. 1911 தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன் அதை வென்றார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அவர் தம்பி அருணாசலம் அதன் முதல் தலைவர். பரீட்சைக்கு இதெல்லாம் வேண்டும், எழுதி வையுங்கள்.

நம் கொப்பிக்கு முக்கியமானது 1924. தேசாதிபதி மனிங் காலத்துச் சபையில் இந்தியருக்கென 2 ஆசனங்கள் தேர்தல் மூலம் கிடைத்தன. மூன்றாவது கட்டத்தில் முதல் தடவையாக ஒரு சரி போடலாம். இரண்டாவது கட்டம்? படிப்பு, வருமானம், சொத்து இவற்றை வைத்துத்தான் அன்று வோட். நாட்கூலியைச் சதத்தில் எண்ணி வாங்கிய தொழிலாளிக்கு அதில் இடமில்லை. பெரிய கங்காணியும் (ஆள் சேர்த்து வேலை வாங்குபவர்) வியாபாரியும் போட்டார்கள். அந்த ஆசனத்தின் வழியாக 1925இல் உள்ளே வந்தவர் கோ. நடேசய்யர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரிபோல உள்ளே போய் லயங்களை (தொழிலாளரின் வரிசை வீடுகளை) பார்த்து வந்தவர் அவர். தொழிலாளியைக் கடனோடு கட்டிவைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிந்திருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எப்படிப்பட்ட மக்களுக்காக அவர் பேசினார் என்பது அப்போதுதான் விளங்கும்.

படி 3: டொனமூரில் நின்று நிதானமாக வாசியுங்கள்

டொனமூர் பிரபுவின் ஆணைக்குழு 1927 நவம்பரில் வந்தது, 1928இல் அறிக்கை தந்தது. இன ஒதுக்கீட்டு ஆசனங்களை எடுத்துவிட்டு, வயது வந்த எல்லோருக்கும் வோட் என்றது. இங்கேதான் பாடப்புத்தகம் "சர்வசன வாக்குரிமை, 1931" என்று அடிக்கோடிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. நீங்கள் போகாதீர்கள்.

ஐந்து வருடம் இங்கே வசித்தால் போதும் என்பதுதான் ஆணைக்குழு முன்வைத்த தகுதி. அதை அப்படியே நடைமுறைப்படுத்தினால் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாக வோட் பெறுவார்கள் என்று சட்டநிரூபண சபையில் பலத்த எதிர்ப்பு. தேசாதிபதி ஸ்டான்லி காலத்தில் சமரசம் ஒன்று செய்தார்கள், அதற்குப் பிறகும் சீர்திருத்தம் 1929 டிசம்பரில் 19க்கு 17 என்ற வாக்கில்தான் தப்பியது. இரண்டே இரண்டு வோட் வித்தியாசம்.

அந்தச் சமரசத்தின்படி ஒருவர் மூன்று வாசலில் ஒன்றால் உள்ளே வரலாம். முதலாவது, இலங்கையே தன் நிரந்தர வதிவிடம் என்று காட்டுவது. இரண்டாவது, எழுத்தறிவும் வருமானமோ சொத்தோ இருப்பது. மூன்றாவது, ஐந்து வருடம் வசித்து, நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் உண்டு என்று சான்றிதழ் பெறுவது. மூன்றாவது வாசலால் வருபவர் மற்றவர்களுக்கு இல்லாத விசேட பாதுகாப்பு எதையும் கோரமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பொதுச் சட்டத்துக்குள் நம் மக்களுக்கென்று ஒரு தனி நிபந்தனை இப்படித்தான் முதலில் நுழைந்தது. "சர்வசன" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு இதை எழுதுங்கள்.

அப்படியிருந்தும் பலர் பதிந்தார்கள், வோட் போட்டார்கள். 61 பேர் கொண்ட அரசாங்க சபையில் 50 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 8 பேர் நியமனம், 3 பேர் அரச உத்தியோகத்தர். சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தது. ஒவ்வொரு குழுவின் தலைவரும் மந்திரி. ஹட்டன் தொகுதியிலிருந்து போன பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வாணிபக் குழுவின் மந்திரியானார். நாட்டின் முதல் மந்திரிசபை ஏழு பேரில் ஒருவர் ஹட்டன் உறுப்பினர் என்பதை என் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். 1936இல் அதே ஹட்டனிலிருந்து நடேசய்யர் போனார். கொப்பியில் மூன்று கட்டமும் நிரம்பிய முதல் வரிசை இதுதான்.

இதோடு 1937ஐயும் விடாதீர்கள். அவ்வருடம் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தும்போது இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அதில் வோட் இல்லை என்று ஆக்கினார்கள். நாட்டின் சபைக்கு வோட் உண்டு, தோட்டத்துக்கு வெளியே ஓடும் பாதையைப் பார்க்கிற சபைக்கு இல்லை. அடுத்து 1939இல் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கத் தொடங்க, நேரு கொழும்புக்கு வந்தார், அதே ஜூலையில் இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அரசியலமைப்புப் பாடத்தில் கோவிந்தன் பெயர் வராது. என் வகுப்பில் வரும்.

படி 4: சோல்பரி யாப்பில் இரண்டு பிரிவுகளை மூலத்திலேயே வாசியுங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மந்திரிகள் ஒரு வரைவு தயாரித்தார்கள். அதை எழுதுவதில் பெரும் பங்கு ஐவர் ஜெனிங்ஸுக்கு. பேராதனை வளாகத்தைக் கட்டியெழுப்பிய அதே துணைவேந்தர்தான். சோல்பரி ஆணைக்குழு 1944 டிசம்பரில் வந்தது. தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம், சிறுபான்மையினருக்குச் சரிபாதி ஆசனம் என்ற ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார், கிடைக்கவில்லை. 1945 நவம்பரில் அரசாங்க சபை 51க்கு 3 என்று ஏற்றுக்கொண்டது. 1946 மே மாதம் அரசியலமைப்பு அரச கட்டளையாக வந்தது.

பிரதிநிதிகள் சபை 101 பேர்: 95 தேர்தல், 6 நியமனம். மேலே 30 பேர் கொண்ட செனட். பிரித்தானிய முடியின் சார்பில் மகாதேசாதிபதி. இந்த அமைப்பை யாரும் விளக்கிவிடுவார்கள். நீங்கள் இரண்டு பிரிவுகளை மட்டும் சொல் சொல்லாகப் பாருங்கள்.

ஒன்று, 29(2). எந்த ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ, மற்றவர்களுக்கு இல்லாத தடையையோ குறைபாட்டையோ விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது. ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை கொடுக்கவும் முடியாது. மீறினால் அந்தச் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று அடுத்த உபபிரிவு சொல்கிறது. "சமூகத்தவர்" என்ற சொல்லின் கீழே கோடு போடுங்கள், திரும்ப வருவோம்.

மற்றது, தொகுதி பிரிக்கும் பிரிவு. மாகாணத்துக்கு 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். 75,000 என்பது வாக்காளர் எண்ணிக்கை அல்ல, சனத்தொகை. குழந்தை, கிழவி, பிரஜை, பிரஜை அல்லாதவர் எல்லோரும் அதில் அடக்கம். இந்த ஒரு சொல் எத்தனை பெரிய விளைவைத் தரும் என்பதை ஒரு சின்னக் கணக்கால் பார்க்கலாம். கற்பனையாக ஒரு தொகுதி: 75,000 பேர், அதில் 45,000 பேர் தோட்டம், 30,000 பேர் கிராமம். தோட்டத்தவரின் வோட்டை எடுத்துவிட்டால்? தொகுதி குறையாது, ஏனென்றால் தலைகள் அப்படியே இருக்கின்றன. 30,000 பேருக்குள் இருக்கும் வாக்காளர்கள் 75,000 பேருக்கான ஆசனத்தைத் தாங்களே நிரப்புவார்கள். வோட்டில்லாத மக்களின் எண்ணிக்கையால் இன்னொருவரின் வோட் கனமாகிறது.

இன்னொன்றும் தேடிப் பாருங்கள்: இலங்கைப் பிரஜை யார் என்று இந்த யாப்பில் எங்கேயும் சொல்லப்படவில்லை. அந்த வெற்றிடத்தைப் பாராளுமன்றத்துக்கு விட்டுவிட்டார்கள்.

படி 5: 1947இன் ஏழு பேரை எழுதுங்கள்

1947 ஆகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை பல நாட்களாகத் தேர்தல் நடந்தது. இலங்கை இந்திய காங்கிரஸ் பெற்ற ஆசனம் 6 என்று சில இடங்களில் காண்பீர்கள், 7 என்று சில இடங்களில். எண்ணை மனப்பாடம் செய்யாமல், மலையகத்திலிருந்து சபைக்குப் போன நம்மவர்களின் பெயரைத் தொகுதியோடு எழுதி எண்ணுங்கள். நுவரெலியா சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலை சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலை கே. குமாரவேலு, நாவலப்பிட்டி கே. இராஜலிங்கம், மஸ்கெலியா ஜி.ஆர். மோத்தா, பதுளை எஸ்.எம். சுப்பையா, அலுத்நுவர டி. இராமானுஜம். இது தவிர, வேறு பல தொகுதிகளில் தோட்ட வோட் இடதுசாரிகளுக்கும் போனது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 ஆசனம்தான், தனிப் பெரும்பான்மை இல்லை. டி.எஸ். சேனநாயக்க சுயேச்சைகளைச் சேர்த்துத்தான் அரசாங்கம் அமைத்தார்.

என் தாத்தா அந்தத் தேர்தலில் கொட்டகலைத் தொகுதியில் வோட் போட்டவர். பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு) போகிற நேரத்துக்கே எழும்பி, துவைத்து மடித்து வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நடந்து போனதாக அப்பா சொல்வார். மூன்று கட்டத்திலும் சரி போடுங்கள். சுதந்திர இலங்கையின் முதல் பாராளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள், இதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

படி 6: பிரஜாவுரிமைச் சட்டத்தை உங்கள் குடும்பத்தில் பிரயோகித்துப் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். 1948 பெப்ரவரி 4 சுதந்திரம். அதே ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடையில் பத்து மாதம்கூட இல்லை.

அந்தத் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் இரண்டில் ஒன்று வேண்டும். தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தான் இங்கே பிறந்தது போதாது. தாய் பிறந்த இடம் கணக்கிலேயே இல்லை.

சரி, ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். முத்தையா என்று வைத்துக்கொள்ளுங்கள், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1910இல் பிறந்தவர். அவர் அப்பா 1885இல் திருச்சிப் பக்கத்தில் பிறந்து, சின்ன வயதில் வந்தவர். முத்தையாவின் தந்தை இங்கே பிறக்கவில்லை, பாட்டனும் இல்லை. ஆக, 38 வருடம் இந்த மண்ணை விட்டு நகராத முத்தையா பிரஜை இல்லை. அவர் மகன் 1935இல் பிறந்தவன். தந்தை முத்தையா இலங்கையில் பிறந்தவர், ஆகவே மகன் சட்டப்படி பிரஜை! ஒரே காம்பராவில் படுக்கிற அப்பா அந்நியர், மகன் பிரஜை.

ஆனால் மகன் அதை நிரூபிக்க வேண்டும். 1910இல் பிறந்த அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்துப் பிறப்பு ஒழுங்காகப் பதியப்பட்டதா? பலருக்கு இல்லை. பதியப்பட்டவர்களுக்கும் பெயர்ப் பிரச்சினை. செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் இடாப்பில்) ஒரு பெயர், பிறப்புப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். சட்டத்தின் சொல்லால் தகுதி பெற்றவர்கள் கடதாசி இல்லாமல் வெளியே நின்றார்கள்.

இதை உங்கள் குடும்பத்துக்கே செய்யுங்கள். பூட்டன், பாட்டன், தந்தை மூவர் பெயரையும் பிறந்த ஆண்டையும் இடத்தையும் எழுதி, 1948 நவம்பர் 15 அன்று யார் பிரஜை, யார் இல்லை என்று தீர்மானியுங்கள். என் வகுப்பில் இதைச் செய்த நாளில்தான் பிள்ளைகள் முதல் தடவையாக மணி பார்க்காமல் இருந்தார்கள்.

அடுத்தது 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன், திருமணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் தொடர்ச்சியாக இங்கே வசித்ததைக் காட்டி விண்ணப்பிக்கலாம். இரண்டு வருட அவகாசம், 1951 ஆகஸ்டில் முடிந்தது. சுமார் 8 லட்சம் பேருக்கான விண்ணப்பங்கள் போயின. 1964 வரை பதிவு கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

தாத்தாவும் விண்ணப்பித்தார். செக்ரோலில் கருப்பையா, மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவில் கருப்பன். இருவரும் ஒருவரே என்று உறுதிப்படுத்தவில்லை என்பது மறுப்புக் கடிதத்தின் சாரம். கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. கணக்கப்பிள்ளை படித்துச் சொல்லும்வரை அது நல்ல செய்தி என்று பாட்டி நம்பி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தாராம். மடித்த இடம் கிழிந்துபோன அந்தக் கடதாசி இப்போது என்னிடம் இருக்கிறது.

அதே 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது: பிரஜைகளுக்கு மட்டுமே வோட். இந்த மூன்று சட்டத்தையும் ஒன்றாக வைத்துத்தான் வாசிக்க வேண்டும். முதலாவது பிரஜை யார் என்றது, இரண்டாவது ஒரு சிறிய கதவு திறந்தது, மூன்றாவது வோட்டை எடுத்தது. மந்திரிசபையில் அப்போது இருந்த பொன்னம்பலத்தோடு முரண்பட்டுப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்பதைப் பேச்சுவழக்கில் கேட்டு நம்பாமல் பாராளுமன்ற ஹன்சார்டில் (சபை உரைகளின் பதிவில்) பாருங்கள். மலையகத்தில் இதைப் பற்றிக் கோபத்தோடு சொல்லப்படும் கதைகள் பல, எல்லாமே துல்லியமல்ல.

படி 7: கோடாக்கன்பிள்ளை வழக்கை வாசியுங்கள்

கேகாலை மாவட்டம் றுவன்வெல்லைத் தொகுதி. கோடாக்கன்பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தன் பெயர் சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்டார். அவர் வாதம் நீங்கள் கோடு போட்ட பிரிவு 29 மேல்தான்: பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தமும் ஒரு சமூகத்துக்கு மட்டும் குறைபாட்டை விதிக்கின்றன, ஆகவே செல்லாது. இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி அதை ஏற்றார். உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகத்துக்குப் போனது, 1953இல் அங்கும் தோல்வி.

காரணம் என்ன? தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான உரிமை. சட்டத்தில் "இந்தியத் தமிழர்" என்ற சொல் இல்லை. 1949இன் பதிவுச் சட்டம் ஒரு வழியும் விட்டிருக்கிறது. இதுதான் நீதிபதிகளின் போக்கு. சொல்லை மட்டும் பார்த்தால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது. அது யார் மேல் விழுந்தது என்பதற்கு முழு எடை கொடுத்திருந்தால் தீர்ப்பு வேறாகியிருக்கும் என்பது என் கருத்து. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. புதிய சட்ட அறிக்கைகள் 54ஆம் தொகுதியில் 433ஆம் பக்கத்தில் தீர்ப்பு இருக்கிறது. சில பக்கங்கள்தான். ஆங்கிலம் கடினமாக இருந்தால் ஒரு சட்டத்தரணியிடமோ ஆசிரியரிடமோ உட்கார்ந்து வாசியுங்கள்.

இப்போது 1952 தேர்தலின் வரிசை. இரண்டாவது கட்டம் பெரும்பாலும் வெறுமை. மூன்றாவது முழு வெறுமை: மலையகத் தமிழர் ஒருவர்கூடச் சபையில் இல்லை. இலங்கை இந்திய காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது, பலன் இல்லை. ஆனால் முதல் கட்டத்தில் சரி அடையாளம் இருக்கிறது. 75,000 என்ற கணக்கில் நாம் அப்போதும் இருந்தோம். நான் நின்று பார்க்கச் சொன்ன இடம் இதுதான்.

படி 8: மீதியைச் சுருக்கமாக

1964 அக்டோபர் 30, இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம்: நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தது, பிரிவு 29 போய்விட்டது. 1977இல் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் தேர்தலில் வென்றார், 1947க்குப் பிறகு சரியாக 30 வருடம். 1978 யாப்பு வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பேதத்தை நீக்கியது. 1986, 1988, 2003 சட்டங்கள் நாடற்றவர் என்ற நிலையை முடித்துவைத்தன.

1937இல் எழுதிய கிராமச் சபை வரிசையையும் மறவாமல் தொடருங்கள். 1987இன் பிரதேச சபைச் சட்டம் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அதைத் திருத்தியது 2018இல்.

படி 9: வீட்டுப் பெட்டியைத் திறங்கள்

பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், விண்ணப்ப இலக்கச் சீட்டு, மறுப்புக் கடிதம், பிரஜாவுரிமைச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டு, பழைய செக்ரோல் துண்டு, எது கிடைத்தாலும் ஆண்டு வாரியாக அடுக்குங்கள். பசை நாடா ஒட்டாதீர்கள், காலப்போக்கில் எழுத்தைத் தின்றுவிடும். பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் இரு பக்கமும் படம் எடுங்கள். யாருக்காவது கொடுக்க நேர்ந்தால் பிரதி மட்டும் கொடுங்கள். மூலத்தைக் கொடுத்துத் திரும்பி வராமல் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "எந்த வருடம்?" என்று தொடங்காதீர்கள், வராது. "பாப்பா பிறந்ததற்கு முந்தியா பிந்தியா?", "அந்தத் துரை இருந்தபோதா?" என்று கேளுங்கள், வருடத்தை நீங்கள் கண்டுபிடிக்கலாம். சட்ட மூலங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் கொழும்பில் இருக்கிறது, கண்டியிலும் கிளை உண்டு. தமிழில் பழைய பத்திரிகை, தொழிற்சங்க மலர் தேடுவோருக்கு நூலகம் எண்ணிம நூலகம் பெரிய துணை.

கொப்பியின் பின்பக்கத்தில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை போடுங்கள்: பிறந்த ஆண்டு, பிரஜையான ஆண்டு, முதல் வோட் போட்ட ஆண்டு. தாத்தாவின் வரிசையில் 1947க்கு நேரே ஒரு சரி. அவர் இறந்த 1971 வரை மற்றதெல்லாம் வெறுமை.

கேள்வி கேட்ட பிள்ளை இரண்டு வாரம் கழித்துக் கொப்பியைக் கொண்டுவந்தாள். பாட்டியின் வரிசையில் முதல் வோட் 1994. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: மை பூசிய சுண்டுவிரலைப் பாட்டி ஒரு வாரம் லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாராம்.